பெர்மிட் என்பது வெறும் பேப்பரா?
(ஆபத்தான வேலைகளும் பணி அனுமதிச் சீட்டும்)

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு

முன்னுரை

நம் சிவகாசிக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1920-களில் இந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பிறகு பட்டாசு வந்தது, அச்சகங்கள் வந்தன. மழை பொய்த்த கந்தக பூமியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தது இந்தத் தொழில்தான். எங்கள் வீடும் அதில் ஒன்று. அம்மா தீப்பெட்டி ஆபீசிலும், பிறகு பட்டாசு ஆபீசிலும் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

'பணி அனுமதிச் சீட்டு – சிறு குறிப்பு வரைக' என்று ஒரு கேள்வி வந்தால் நாம் நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம், போர்மேன் ஆவோம். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடப் போவது நாம்தான். அந்தச் சீட்டை நம்பி ஏணி ஏறப் போவது யாரோ ஒருவருடைய அப்பா, தொட்டிக்குள் இறங்கப் போவது யாரோ ஒருவருடைய அண்ணன். ஆகவே மார்க்குக்காக இல்லாமல் இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

1. பெர்மிட் என்றால் என்ன?

ஆபத்து அதிகமுள்ள ஒரு குறிப்பிட்ட வேலையை, ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் செய்யலாம் என்று எழுத்தில் கொடுக்கப்படும் அனுமதியே பணி அனுமதிச் சீட்டு ஆகும். தொழிற்சாலையில் இதைச் சுருக்கமாக 'பெர்மிட்' என்கிறார்கள்.

இதில் முக்கியமாக இரண்டு பேர் உண்டு. ஒருவர் பெர்மிட் கொடுப்பவர். அந்த இடம் அவர் பொறுப்பில் இருக்கும். மற்றவர் பெர்மிட் வாங்குபவர். வேலை அவர் பொறுப்பில் நடக்கும். 'இந்த இடத்தை நான் ஆபத்தில்லாமல் தயார் செய்து விட்டேன்' என்று முதல் ஆள் கையெழுத்துப் போடுகிறார். 'என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது, சொன்ன முறைப்படிதான் செய்வேன்' என்று இரண்டாவது ஆள் கையெழுத்துப் போடுகிறார். வேலை முடிந்ததும் இருவரும் திரும்பவும் இடத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுச் சீட்டை முடிக்க வேண்டும். முடிக்காத பெர்மிட் முடியாத வேலைக்குச் சமம்.

2. நமக்கு முன்பே தெரிந்த பெர்மிட்டுகள்

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் தெருவில் மின்கம்பத்தில் ஏறும் லைன்மேன் முதலில் 'எல்.சி.' வாங்குகிறார் அல்லவா? லைன் கிளியர் என்பதுதான் அது. சப் ஸ்டேஷனில் சொல்லி சப்ளையை நிறுத்தி, ஏ.பி. சுவிட்சைத் திறந்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கம்பத்தில் கை வைக்க வேண்டும். இதில் பெரிய விதி ஒன்று உண்டு. எல்.சி. வாங்கினவர் யாரோ அவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'வேலை முடிஞ்சிருக்கும், சப்ளையைப் போடுங்க' என்று வேறு ஒருவர் சொல்லக் கூடாது. 'முடிஞ்சிருக்கும்' என்ற ஒரு சொல்லில் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

இன்னொரு உதாரணம் ரயில்வே டோக்கன். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தில் கட்டிய டோக்கனை டிரைவர் கையில் கொடுப்பார். டோக்கன் கையில் இல்லாமல் ரயில் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. ஒரு டோக்கன் வெளியே இருக்கும் வரை அடுத்த டோக்கன் கருவியிலிருந்து வெளியே வராது. பெர்மிட்டின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. ஓர் இடத்தில் ஒரு வேலை நடக்கிறது என்றால், அதோடு மோதக் கூடிய வேறு வேலை அங்கே நடக்கக் கூடாது.

3. எந்த வேலைக்கு வேண்டும்?

எல்லா வேலைக்கும் பெர்மிட் எழுதிக்கொண்டிருந்தால் ஆலை ஓடாது. எழுதுகிறவனுக்கும் சலித்துவிடும். அன்றாடம் நடக்கும் மருந்து கலத்தல், செலுத்துதல், திரி வைத்தல் முதலியவற்றுக்கு உரிமத்தின் நிபந்தனைகளும் வேலை முறைகளும் இருக்கின்றன. எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் அதில் அடங்கும். பெர்மிட் தேவைப்படுவது அன்றாடம் நடக்காத வேலைக்கு. பொதுவாக அவை:

(அ) நெருப்பு வேலை: வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங் போன்றவை.
(ஆ) அடைபட்ட இடத்தில் நுழைதல்: தொட்டி, பாய்லர், கிணறு, கழிவுநீர்க் குழி.
(இ) உயரத்தில் வேலை: கூரை, டவர், சாரம்.
(ஈ) மின்சார வேலை.
(உ) பள்ளம் தோண்டுதல்.
(ஊ) கழிவு மருந்தையும் தேறாத பட்டாசையும் அழித்தல்.

கடைசியாகச் சொன்னது நம் பகுதிக்கே உரியது. தேறாத சரக்குதானே என்ற அலட்சியம் அதில் சேர்ந்துகொள்கிறது. விற்பனைக்கு ஆகாத சரக்கு என்றாலும் நெருப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

4. சட்டம் என்ன சொல்லிற்று?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே பெர்மிட்டின் விதை இருக்கிறது. விஷவாயு இருக்கக் கூடிய அடைபட்ட இடத்துக்குள் ஒருவர் இறங்குவதற்கு முன், தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு பெல்ட்டில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. 'தாமே சோதித்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதை அந்தச் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை. அதே போல, தீப்பற்றும் பொருள் இருந்த கலனைச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் செய்யக் கூடாது என்று 37-ஆம் பிரிவு சொன்னது. வெல்டிங் செய்த உலோகம் போதிய அளவு ஆறும் வரை அந்தப் பொருளைத் திரும்ப உள்ளே விடவும் கூடாது.

வெடிபொருள் ஆலைக்கான விதி இன்னும் பழையது. இங்கிலாந்தின் 1875-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், ஆலையின் ஓர் அறையில் ரிப்பேர் வேலை செய்வதற்கு முன் அங்குள்ள வெடிமருந்தை எல்லாம் அகற்றி, அறையை நன்றாகக் கழுவ வேண்டும் என்று சொல்லிற்று. தொழில் பாதுகாப்புச் சட்டங்களை ஒன்றாக்கும் தொகுப்பு 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தின் பெயர் மாறலாம். அகற்று, கழுவு, சோதி, எழுது, அப்புறம் தொடு என்ற வரிசை மாறாது.

5. ஒரு சீட்டு கை மாறாததால் 167 உயிர்கள்

பெர்மிட் பற்றிப் பேசும்போது உலகம் முழுவதும் சொல்லும் பெயர் பைப்பர் ஆல்ஃபா. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் இருந்த எண்ணெய் எடுக்கும் மேடை அது. 1988 ஜூலை 6-ஆம் தேதி அங்கே இரண்டு பம்புகளில் ஒன்றை ரிப்பேருக்காக நிறுத்தியிருந்தார்கள். அதே பம்பின் லைனில் இருந்த பாதுகாப்பு வால்வையும் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். அதற்குத் தனிப் பெர்மிட். மாலைக்குள் வால்வு வேலை முடியவில்லை. திறந்த வாயில் ஒரு மூடித் தகட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

இரவு ஷிப்ட் வந்தது. பத்து மணிக்குச் சற்று முன் ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்றுபோனது. ரிப்பேருக்கு வைத்த பம்பில் வேலை இன்னும் தொடங்கவில்லை என்பது இரவு ஷிப்டுக்குத் தெரியும். வால்வு கழற்றிய விஷயம் தெரியாது. அதை யாரும் சொல்லவில்லை, அந்தச் சீட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. பம்பை ஓட விட்டார்கள். மூடித் தகட்டின் வழியே கேஸ் கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். விசாரித்த கல்லன் பிரபு 1990-ல் கொடுத்த அறிக்கையில் 106 பரிந்துரைகள் இருந்தன. பெர்மிட் முறையையும் ஷிப்ட் மாறும்போது தகவல் சொல்லும் முறையையும் அவர் கடுமையாகக் குறை சொன்னார்.

இங்கே நாம் பார்க்க வேண்டியது என்னவென்றால், அங்கே பெர்மிட் இல்லாமல் இல்லை. அச்சடித்த சீட்டு, கையெழுத்து எல்லாம் இருந்தன. ஒரே பம்பைத் தொட்ட இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. போகிறவர் வருகிறவரிடம் வாய் திறந்து சொல்லவில்லை. சீட்டு இருந்தால் மட்டும் போதாது, சீட்டு பேச வேண்டும்.

6. நம் மண்ணின் பாடங்கள்

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து நம் எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்லர். முதல் சத்தம் கேட்டு உதவி செய்ய ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடுத்து வந்த பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். நல்ல மனதோடு ஓடி வந்ததற்குக் கிடைத்த கூலி அது.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மாரியம்மாள் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஷெட்டுகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது.

இவை இரண்டும் பெர்மிட் இல்லாததால் மட்டும் நடந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. காரணங்கள் பல. ஆனால் ஒரு பெர்மிட்டில் கேட்கப்படும் கேள்விகளை இவற்றோடு வைத்துப் பாருங்கள். 'இந்த இடத்துக்குள் எத்தனை பேர் இருக்கலாம்? மற்றவர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? ஆபத்து வந்தால் யார் உள்ளே போகலாம், யார் போகக் கூடாது?' இது முதலிப்பட்டிக்கான கேள்வி. 'இந்த இடத்துக்கு யார் பொறுப்பு?' இது அச்சங்குளத்துக்கான கேள்வி. ஒரு ஆலைக்குள் நாலு முதலாளி இருந்தால், பக்கத்து ஷெட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்து கையெழுத்துப் போட யாருமே இருக்க மாட்டார்கள். பொறுப்பாளி ஒருவர் என்று இல்லாத இடத்தில் பெர்மிட் வேலை செய்யாது.

7. ஒரு மாதிரி பெர்மிட் எழுதிப் பார்ப்போம்

ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் ஷெட்டின் கூரை ஷீட் உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்படி எழுதுவது?

முதல் கேள்வி: நெருப்பு வேலை இல்லாமல் முடியுமா? முடியும் என்றால் அதுதான் முதல் தரம். வெல்டிங் செய்ய வேண்டியதை ஆலைக்கு வெளியே உள்ள பட்டறையில் செய்து கொண்டுவந்து, இங்கே போல்ட் மட்டும் போட்டு முடுக்கலாம். மிகச் சிறந்த பெர்மிட் எது என்றால், தேவைப்படாமல் போன பெர்மிட்தான்.

இரண்டு: மருந்தை அகற்றுதல். அந்த ஷெட்டில் இருக்கும் மருந்து, பாதி முடிந்த சரக்கு, திரி எல்லாவற்றையும் அதற்குரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பக்கத்து ஷெட்டுகளிலும் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

மூன்று: கழுவுதல். கண்ணுக்குத் தெரியும் தரையை மட்டும் கழுவினால் போதாது. கூரைச் சட்டத்தின் மேல் படிந்த தூசி, தரை வெடிப்பு, ஜன்னல் இடுக்கு இவற்றில்தான் மருந்து ஒளிந்திருக்கும். இதில் நம் கெமிஸ்ட்ரி பாடம் உதவிக்கு வருகிறது. அலுமினியத் தூள் கலந்த மருந்து லேசாக நனைந்தால் தானாகவே சூடேறக் கூடியது. ஆகவே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கூட்டி மூலையில் குவிப்பது ஆபத்து. தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழிவை ஷெட்டில் விட்டு வைக்கக் கூடாது.

நான்கு: மின்சாரம். அந்தப் பகுதி சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், தொடாதே' என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும்.

ஐந்து: உயரம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது, உடைந்துவிடும். பலகை போட்டு நடக்க வேண்டும். பெல்ட் கட்ட உறுதியான இடம் எது என்பதையும் சீட்டில் எழுத வேண்டும்.

ஆறு: கருவிகள். துருப்பிடித்த ஜே போல்ட்டை அறுக்க கிரைண்டர் கூடாது. வெட்டும் பொறி பத்து மீட்டருக்கு மேலும் தெறிக்கும். செல்போன், பீடி, தீப்பெட்டி எல்லாம் வாசலிலேயே.

ஏழு: நேரம். காலை 8 முதல் மதியம் 12 வரை என்று தெளிவாக எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடர வேண்டுமானால் திரும்பவும் பார்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். இடி மின்னல் வந்தால் அந்த நிமிடமே வேலை நிறுத்தம்.

எட்டு: முடித்தல். பழைய ஷீட், போல்ட், ஆணி எல்லாம் வெளியேறியதா? ஒரு இரும்பு ஆணி தரையில் கிடந்து, நாளை அதன் மேல் மருந்துப் பாத்திரம் உரசினால் என்ன ஆகும்? பார்த்துவிட்டு இருவரும் கையெழுத்து. அதுவரை அந்த ஷெட்டில் மருந்து நுழையக் கூடாது.

வேலை நடக்கும்போது இன்னொரு விஷயம் வரும். மேலே இருப்பவர் கீழே பார்த்து, 'அண்ணே, இந்த ஆங்கிள் இத்துப் போச்சு, சின்னதா ஒரு வெல்டு வச்சிட்டா முடிஞ்சுது' என்பார். அந்த வார்த்தை வந்த உடனே பழைய பெர்மிட் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறினால் ஆபத்தும் மாறும். இறங்கி வந்து, புதிதாக யோசித்து, புதுச் சீட்டு எழுத வேண்டும். அதற்கும் நான் முதல் பதில் சொல்வேன்: ஆங்கிளைக் கழற்றி வெளியே கொண்டு போங்கள்.

8. 'தாள்ல எழுதினா நெருப்பு கேக்குமா?'

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததை எல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். நெருப்பு கேட்காது. ஆனால் மனுஷன் கேட்பான். ஓடிக்கொண்டே செய்கிற வேலையில் அவனை ஐந்து நிமிடம் நிறுத்தி, 'என்ன செய்யப் போகிறோம்?' என்று யோசிக்க வைப்பதுதான் சீட்டின் வேலை. சீட்டு நெருப்பை அடக்காது, அவசரத்தை அடக்கும்.

ஆனால் அவசரம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலும் பீஸ் ரேட். எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஷெட்டைக் காலி செய்து, கழுவி, சோதித்து, நாலு மணி நேரம் வேலையை நிறுத்தினால் அந்த நாலு மணி நேரக் கூலி யார் தருவது? தொழிலாளி தலையில் அது விழுந்தால், 'எதுக்கு சார் கழுவிக்கிட்டு, சீக்கிரம் மாட்டிட்டுப் போகச் சொல்லுங்க' என்று முதலில் சொல்வது அவராகத்தான் இருக்கும். அவரைத் திட்டிப் பயனில்லை. வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே! தீபாவளி நெருங்க நெருங்க இந்த நெருக்கடி இன்னும் கூடும். எனவே பெர்மிட்டுக்காக நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று நிர்வாகம் முடிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு நல்ல சீட்டு அச்சடித்தாலும் அது சுவரில்தான் தொங்கும்.

இரண்டாவது, மொழி. பெர்மிட் பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கை எங்கள் அம்மாவுக்கு வெறும் கோடுதான். சீட்டு தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் மட்டும் போதாது. 'இப்ப நீங்க சொல்லுங்கண்ணே, என்ன செய்யக் கூடாது?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவர் வாயிலிருந்து வந்தால்தான் அவருக்குப் புரிந்தது என்று அர்த்தம். வெளிமாநிலத் தொழிலாளி என்றால் அவர் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

மூன்றாவது, மொத்தமாகக் கையெழுத்துப் போடும் பழக்கம். காலையில் டீ குடித்துக்கொண்டே பத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளச் சொல்வது. இது பெர்மிட் இல்லாததை விட மோசம். பெர்மிட் இல்லை என்றால் வேலை செய்பவன் பயந்தாவது செய்வான். பொய்ச் சீட்டு அந்தப் பயத்தையும் பறித்துவிடுகிறது.

முடிவுரை

நண்பர்களே! நாளைக்கு நமக்குப் புதிதாக வேலை கிடைக்கும். மேலதிகாரி, 'தம்பி, கையெழுத்துப் போடு, லாரி நிக்குது' என்பார். வயதில் பெரியவர், வேலை கொடுத்தவர், வீட்டில் கடன் வேறு இருக்கும். அந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்வது சுலபமல்ல. அதனால் ஒரு சின்ன யோசனை. மாட்டேன் என்று சொல்ல வேண்டாம். 'இடத்தைப் பார்த்துட்டு வந்து போடுறேன் சார்' என்று சொல்லுங்கள். மரியாதைக்கும் குறைவில்லை, கடமைக்கும் குறைவில்லை. நடந்து போய்ப் பாருங்கள். குனிந்து தரையைப் பாருங்கள், நிமிர்ந்து கூரையைப் பாருங்கள், வேலை செய்யப் போகிறவரின் முகத்தையும் பாருங்கள். அதன் பிறகும் கை நடுங்கினால், ஏதோ ஒன்று இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. விபத்துக்குப் பிறகு வரும் நிவாரணத் தொகையை விட, விபத்துக்கு முன் வரும் ஒரு நல்ல கையெழுத்து பெரியது. நம்மைப் படிக்க வைத்தவர்கள் மருந்துப் பொடி படிந்த கையால் சம்பாதித்துத்தான் நம் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அந்தப் பேனா அவர்களைக் காப்பாற்றட்டும்.

தொழிலும் வாழட்டும், தொழிலாளியும் வாழட்டும்!